வீட்டுக்காரருக்கு வாத்தியார் தேடிய கதை

அன்று காலை என் கணவர் வாசலில் வந்து நின்றபோது அவர் மேலிருந்து சேறு சொட்டிக்கொண்டிருந்தது. வேட்டியில் சேறு, மீசையில் சேறு, இடது காதுக்குள்ளும் சேறு. கொடுக்காப்புளி மரத்தடியில் படுத்திருந்த எங்கள் நாய், யாரோ அயலான் என்று எழுந்து குரைத்தது.

நான் மோர் கடைந்துகொண்டிருந்தேன். மத்தை நிறுத்தவில்லை.

“இன்னா ஆச்சு?”

“கலியமூர்த்தி மடையை அடைச்சிட்டான். இன்னாடான்னு கேக்கப் போனன்.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா. பாக்கறியே.”

கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அவர் பெயரை எழுத இத்தனை வயதிலும் எனக்குக் கை வரவில்லை. திருப்பதிக்கு நடந்து போனவர்களுக்குத் தெரியும், மொத்தம் எத்தனை மலை என்று. அதுதான் அவர் பெயர். பெயருக்கேற்ற உடம்பு. எங்கள் கல்யாணத்தில் மாலை போட எனக்கு முக்காலி போட்டார்கள். செலியமேட்டில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் குனிந்துதான் நுழைவார். மனசு மட்டும் அந்த உடம்பில் எங்கேயோ ஒரு மூலையில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தது. கட்டிலில் கோழி ஏறிப் படுத்திருந்தால் இவர் தரையில் படுத்துக்கொள்வார்.

கலியமூர்த்தி எங்களுக்கு மேல்கழனிக்காரர். ஒல்லி ஆள். குரல் மட்டும் பெரிது. அவர் கழனியில் நின்று மாட்டை அதட்டினால் எங்கள் மாடு இங்கே நின்றுவிடும். ஏரித் தண்ணீர் முறைப்படி அவர் மடையைத் தாண்டித்தான் எங்களுக்கு வர வேண்டும். அவர் முறை முடிந்த பிறகும் மடையைத் திறந்துவிடாமல் வைத்துக்கொண்டார். கேட்கப் போனவர் சேறாகத் திரும்பினார்.

பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கச் செய்தி. கலியமூர்த்தி ஒற்றைக் கையால் தூக்கி வாய்க்காலில் போட்டாராம். குளத்தில் தண்ணீர் எடுக்கப் போனால், “உன் வூட்டுக்காரரு மீன் புடிச்சாராமே, கொழம்பு வெச்சியா?” என்று கேட்டார்கள்.

கேலியைப் பொறுத்துக்கொள்ளலாம். கழனி பொறுக்கவில்லை. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் இல்லாமல் பாதிக்கு மேல் பதராகப் போனது. இன்னொரு பருவமும் இப்படிப் போனால் நாங்கள் கூலிக்குத்தான் போக வேண்டும். நெல்லைத் தூற்றிய அன்றைக்குக் களத்திலேயே முடிவு செய்தேன். இவர் யாரையும் அடிக்க வேண்டாம். அடிப்பார் என்று கலியமூர்த்தி நினைத்தால் போதும். அதற்கு இவர் கையில் ஒரு கம்பு வேண்டும், அதைச் சுற்றவும் தெரிய வேண்டும்.

கரும்புக் கொல்லையில் பாடம்

அந்தக் காலத்தில் புதுச்சேரியைச் சுற்றிப் பிரெஞ்சு எல்லைக்குள் சிலம்ப வாத்தியார்களுக்குப் பஞ்சம் கிடையாது. தேர்தல் வந்தால் ஓட்டுச் சாவடிக்கு முன்னால் கம்போடு நிற்க ஆள் தேவைப்படும். அதனால் தோப்புக்குத் தோப்பு ஒரு பள்ளி முளைத்திருந்தது. பாதிப் பள்ளிகள் ஏதாவது ஒரு கட்சிக்காரர் வீட்டுப் பின்கட்டில்தான் நடந்தன. என் அப்பா எச்சரித்தார்: “பாத்து சேத்து வுடும்மா. மொதல்ல கம்பு குடுப்பாங்க, அப்புறம் கட்சி குடுப்பாங்க.”

பள்ளிகள் நிறைய இருந்தன. நல்லது எது என்றுதான் தெரியவில்லை.

முதலில் பக்கத்து ஊர் மீசை வாத்தியாரிடம் அனுப்பினேன். நல்ல பெயர். மீசை காதைத் தொடும். என் கணவர் விடியலில் போவார், வெயில் ஏறித் திரும்புவார். கை முழுக்கக் கீறல். முகத்தில் கீறல். பரவாயில்லை, கடுமையாகத்தான் சொல்லித்தருகிறார் என்று மஞ்சளும் எண்ணெயும் குழைத்துத் தடவிவிட்டேன்.

ஒரு நாள் கூழ் எடுத்துக்கொண்டு நானே பார்க்கப் போனேன். வாத்தியார் வரப்பு மேட்டில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். மாணவர்கள் எல்லாரும் அவருடைய கரும்புக் கொல்லையில் காய்ந்த சோகை உரித்துக்கொண்டிருந்தார்கள். என் கணவரின் தலை மட்டும் கரும்புக்கு மேலே தெரிந்தது.

“கம்பு எப்பங்க குடுப்பீங்க?” என்று கேட்டேன்.

“கம்பு கடைசி. மொதல்ல மணிக்கட்டு பலம் ஆவணும்.”

“கரும்பு வெட்டு முடிஞ்சா பலம் வந்துடுங்களா?”

“வெட்டு முடிஞ்சா தோள்பட்டை இருக்குதும்மா. நெல்லு மூட்டை தூக்கணும்.”

கொல்லைக்குள்ளிருந்து ஒரு ஆள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். நரைக்க ஆரம்பித்த தலை. “நான் மணிக்கட்டு, தோள்பட்டை ரெண்டும் முடிச்சிட்டன். நடவுல இடுப்பு ஆரம்பம்னு சொல்லிருக்காரு” என்றார். அவர் குரலில் பெருமைதான் இருந்தது.

கூழைக் கொடுத்துவிட்டு, குடித்து முடித்ததும் என் கணவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு ஜோடி பூட்ஸ்

அடுத்தது பாகூர்ப் பக்கம் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷனில் வந்தவர்களை அப்படித்தான் சொல்வோம். இவர் சைகோனில் இருந்தவர். வேட்டிக்கு மேலே கோட்டுப் போட்டு, அதில் மெடலைக் குத்திக்கொண்டு பாடம் நடத்துவார்.

“கம்பால அடிக்கறது மாடு மேய்க்கறவன் வேலை. வெள்ளைக்காரன் காலால அடிப்பான்” என்பது அவர் கொள்கை. காலால் அடிக்க பூட்ஸ் வேண்டும். பள்ளிக்கு மொத்தம் ஒரு ஜோடி பூட்ஸ்தான், அதுவும் அவருடையது. வலது கால் ஒருவருக்கு, இடது கால் ஒருவருக்கு. மற்றவர்கள் வரிசையில் நின்று காத்திருக்க வேண்டும். என் கணவர் காலில் அந்த பூட்ஸ் விரல்களோடு நின்றுவிட்டது. வெறுங்காலோடு கற்றுக்கொள்ள அனுமதித்தார்.

முதல் பாடம் முடிந்து நொண்டிக்கொண்டு வந்தார்.

“இன்னாங்க, ஒதைக்கச் சொல்லித்தந்தாரா?”

“எண்ணுனாரு. ‘அன், தே’ன்னாரு. அப்புறம் ‘த்ரு, வா’ன்னாரு. கூப்புடறாரேன்னு போனன். ஒதைச்சிட்டாரு.”

த்ருவா என்றால் அவர்கள் பாஷையில் மூன்று என்று எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது. மறுநாளும் வா என்றிருக்கிறார். இவரும் மரியாதைக்குப் போயிருக்கிறார். அதற்கு மறுநாள் நான் அனுப்பவில்லை.

இன்னொருவர் இருந்தார். பயிற்சியே வேண்டாம், இடுப்பில் ஒரு கயிறு கட்டிவிட்டால் எதிரியின் கை தானாக மடங்கிவிடும் என்றார். அவர் வலது கையே துணியில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அப்படியே திரும்பிவிட்டோம்.

எலும்பு கட்டுகிறவர் சொன்னது

என் பிறந்த வீடு வில்லியனூருக்குப் பக்கத்தில். அப்பா மாட்டுத் தரகர். மாடு வாங்க வருகிறவர்களுக்கு அவர் சொல்வது ஒன்றுதான்: விற்கிறவனைக் கேட்காதே, பக்கத்துக் கழனிக்காரனைக் கேள். அப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது அது என் நினைவுக்கு வந்தது. வாத்தியார்களைக் கேட்டால் எல்லாரும் தன் பள்ளிதான் நல்லது என்பார்கள். வேறு யாரைக் கேட்பது?

அந்த ஊரில் எலும்பு கட்டுகிறவர் ஒருவர் இருந்தார். மாட்டுக்கும் மனுஷனுக்கும் ஒரே தைலம், ஒரே மூங்கில் பத்தை. அப்பாவுக்குப் பழக்கமானவர். வாசலில் காளை ஒன்றைக் கட்டிப்போட்டு அதன் முன்னங்காலுக்குப் பத்து அரைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய், “எந்தப் பள்ளிக்கூடத்து ஆளுங்க உங்ககிட்ட ரொம்ப வராங்க?” என்று கேட்டேன்.

அவர் அரைப்பதை நிறுத்தவில்லை. “மீசை வாத்தியாரு ஆளுங்க முதுகு வலிக்கு வருவாங்க. சொல்தா ஆளுங்க கட்டை வெரலு பிசகி வருவாங்க. கட்சிக்காரங்க தோட்டத்து ஆளுங்க தேர்தலுக்கு மறுநாளு கும்பலா வருவாங்க.”

“யாரு வரவே மாட்டாங்க?”

இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். “மாதா கோயிலு மாந்தோப்பு ஆளுங்க. சவரி வாத்தியாரு பசங்க. அவங்க வந்ததில்ல. அவங்களோட சண்டைக்குப் போனவங்கதான் முன்னல்லாம் வருவாங்க.”

“இப்ப?”

“இப்ப யாரும் போறதில்லம்மா. எனக்குத்தான் நஷ்டம்.”

சாவடியில் பிளந்த கம்பு

சவரி வாத்தியார் புதுச்சேரியில் ஒரு துரை வீட்டுச் சமையல்காரர். ஞாயிற்றுக்கிழமைதான் ஊருக்கு வருவார். பூசை முடிந்து, சாப்பிட்டு, பகல் சாய்ந்த பிறகு மாந்தோப்பில் பாடம். கம்பு அவரவரே கொண்டுவர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

நல்ல கெட்டி மூங்கிலாகப் பார்த்து வெட்டி, எண்ணெய் தடவி, வண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். செலியமேட்டிலிருந்து வில்லியனூர் போக நடுவில் இங்கிலீஷ்காரன் ஊரைத் தாண்ட வேண்டும். தாண்டுகிற இடத்தில் சுங்கச் சாவடி. நம் பக்கத்திலிருந்து பட்டும் வெள்ளியும் சாராயமும் கடத்துகிறார்கள் என்று அவர்களுக்கு எப்போதும் சந்தேகம்.

சாவடிக்காரர் கம்பைத் தட்டிப் பார்த்தார். காதில் வைத்துக் கேட்டார். ஒரு முனையில் ஊதினார். காற்று போகவில்லை.

“உள்ள இன்னா அடைச்சிருக்க?”

“ஒண்ணுமில்லங்க. கெட்டி மூங்கிலு” என்றார் என் கணவர்.

“மூங்கிலுன்னா ஓட்டை இருக்கணும். எனக்கே கதை சொல்றியா?”

அரிவாளால் நடுவில் வெட்டிப் பார்த்தார். கெட்டி. ஒரு பாதியை நீளவாட்டில் கொஞ்சம் பிளந்தும் பார்த்தார். அங்கேயும் கெட்டி. இரண்டு துண்டையும் வண்டியிலேயே திருப்பிப் போட்டுவிட்டு, “போ” என்றார்.

அப்படித்தான் என் கணவர் ஆளுக்குப் பாதி உயரத்தில் இரண்டு துண்டுகளோடு மாந்தோப்புக்குள் நுழைந்தார். சவரி வாத்தியார் குள்ளமான மனிதர். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். இவரை அண்ணாந்து பார்த்தார், கைகளில் இருந்ததையும் பார்த்தார்.

“அடிக்கறதுக்குக் கத்துக்க வந்தீங்களா, அடி வாங்காம இருக்கறதுக்கு வந்தீங்களா?”

“வூட்ல போவச் சொன்னாங்க” என்றார் இவர்.

வாத்தியார் என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு தங்கச்சி.”

“இவரு யாரையும் அடிக்க வேணாங்கண்ணே. இவரப் பாத்து ஒருத்தரு பயந்தா போதும்.”

“யாரு அந்த ஒருத்தரு?”

என் கண் தோப்புக்குள் போனது. தோப்பின் அந்தக் கோடியில், ஒரு இளைய மாமரத்துக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டிருந்தார். மரம் அவரைவிட ஒல்லி. இரண்டு பக்கமும் கலியமூர்த்தி தெரிந்தார்.

சலாம் மேல் சலாம்

நாங்கள் தேடிப் பிடித்த பள்ளியில் அவர் எங்களுக்கு முன்பே சேர்ந்திருக்கிறார். இருக்கிற குரல் போதாதென்று கம்பும் சுற்றுவார் என்றால் எங்கள் கழனி அவ்வளவுதான்.

வாத்தியாருக்கு இதெல்லாம் தெரியாது. நான் பார்த்த பக்கம் திரும்பி, கலியமூர்த்தியைக் கைகாட்டிக் கூப்பிட்டார். “ஒரே பக்கத்து ஆளுங்களா? நல்லதாப் போச்சு. வந்து நில்லுங்க, சலாம்லேர்ந்து ஆரம்பிப்போம்” என்றார்.

சிலம்பத்தில் முதலில் எதிராளிக்குச் சலாம் வைக்க வேண்டும். என் கணவர் குனிந்து மண்ணைத் தொட்டுச் சலாம் வைத்தார். கலியமூர்த்தி அதைவிடக் குனிந்தார். நிமிர்ந்தால் அடுத்தது அடி. அதனால் இவர் மறுபடி குனிந்தார். அவரும் குனிந்தார். கற்றுக்கொண்டிருந்த மற்றவர்கள் கம்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார்கள். பல் எல்லாருக்கும் ஒழுங்காக இருந்தது, சிரித்தபோது பார்த்தேன்.

“இன்னாப்பா, சம்பந்தி வரவேற்பா?” என்றார் வாத்தியார்.

குனிந்தபடியே கலியமூர்த்தி மெதுவாகப் பேசினார். அவர் மெதுவாகப் பேசினாலும் மாதா கோயில் வரைக்கும் கேட்கும்.

“ஏழுமல, வேணாம்பா. அன்னிக்கு நான் உன்னத் தொடக்கூட இல்ல.”

“தெரியும். வழுக்கிட்டன்.”

“ஊர்ல நான் தூக்கிப் போட்டன்னு சொல்றாங்க.”

“நீ இல்லன்னு சொல்லிருக்கலாம்.”

“நீ சொல்லிருக்கலாமே. இந்த ஒடம்ப வெச்சிக்கிட்டு எப்ப வந்து மண்டைய ஒடைப்பியோன்னு எனக்கு சோறு எறங்கல. அதான் யாருக்கும் தெரியாம இங்க வந்து சேந்தன்.”

என் கணவர் நிமிர்ந்தார். “உன் கொரலுக்குப் பயந்துதான் என்னையும் இங்க சேக்கறாங்க” என்றார்.

வாத்தியார் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “பேசி முடிச்சிட்டீங்கன்னா காலடிக்கு வாங்க” என்றார்.

அதுதான் நல்ல பள்ளிக்கூடம் என்று நான் அந்த நிமிஷம் உறுதி செய்துகொண்டேன். வேறு வாத்தியாராக இருந்தால் இருவரையும் மோதவிட்டு வேடிக்கை பார்த்திருப்பார். அல்லது கட்டிப்பிடிக்கச் சொல்லிப் பிரசங்கம் செய்திருப்பார். இவர் கால் வைக்கச் சொல்லித்தந்தார்.

ஊரில் மட்டும் பகை

கோடை முழுக்கப் போய் வந்தோம். வில்லியனூரில் இருவரும் ஒரே தூக்குச் சட்டியில் பழையது சாப்பிடுவார்கள். செலியமேட்டுக்குள் நுழைந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். என்ன செய்வது? இரண்டு பக்கத்துப் பங்காளிகளும் வாய்விட்டுச் சபதமெல்லாம் போட்டிருந்தார்கள். கலியமூர்த்தி மனைவி செங்கேணி என்னைக் கண்டால் காறித் துப்புவாள். அவளிடம் அவர் மாடு பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் போய், ஒரு கன்றுக்குட்டியும் வாங்காமல் வருகிறவரை அவள் என்னவென்று நினைத்தாளோ.

வாய்க்கால் காய்ந்து கிடந்ததால் சண்டை போடவும் ஒன்றும் இல்லை.

ஆடி மாதம் மாரியம்மனுக்குச் செடல் திருவிழா. அம்மன் ஊர்வலத்துக்கு முன்னால் கம்பு சுற்றுவது வழக்கம். இருவர் கையிலும் காய்ப்பு ஏறியிருந்ததை ஊர் கவனித்துவிட்டது. இந்த வருஷம் இவர்கள் இரண்டு பேரும்தான் எதிரெதிரே நிற்க வேண்டும் என்று இளவட்டங்கள் பிடிவாதம் பிடித்தன. மறுத்தால் கோழை என்பார்கள். மாந்தோப்பில் வாத்தியாரே அடிக்கு அடி, தடுப்புக்குத் தடுப்பு ஒரு ஆட்டம் அமைத்துக் கொடுத்தார். பார்க்கிறவர்களுக்கு உயிர் போகிற சண்டை. உள்ளே இருக்கிறவர்களுக்குக் கோலாட்டம்.

செடல் அன்று பம்பையும் உடுக்கையும் காதைக் கிழித்தன. வேப்பிலை வாசம். இருவரும் இறங்கினார்கள். என் கணவர் கம்பு காற்றை வெட்டிய சத்தத்தில் கூட்டம் பின்வாங்கியது. எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

அப்புறம் அந்த மூன்றாவது வீச்சு. கலியமூர்த்தி நின்றபடியே நின்றார். கம்பு நெற்றியில் இறங்கியது.

பம்பை நின்றது. கலியமூர்த்தி முகமெல்லாம் ரத்தம். அந்தப் பக்கத்துப் பங்காளிகள் கம்போடு முன்னே வந்தார்கள். எங்கள் பக்கமும் எழுந்தது. அன்றைக்குப் பிணம் விழும் என்றுதான் நினைத்தேன். என் கணவர் கம்பை வீசி எறிந்துவிட்டு நடுத்தெருவில் உட்கார்ந்தார். கலியமூர்த்தியின் தலையை மடியில் வைத்து, தலைப்பாகைத் துணியைக் கிழித்துச் சுற்றினார். சுற்றுகிறவர்தான் அழுதார்.

கலியமூர்த்தி மடியில் கிடந்தபடியே குரல் கொடுத்தார். அந்தக் குரலுக்கு ஒரு காயமும் இல்லை.

“யாரும் கிட்ட வராதீங்க. தப்பு என்னுது. மூணாவது வீச்சுக்கு நான் குனியணும், மறந்துட்டன். ஞாயித்துக்கெழம நல்லாத்தான் வந்துது.”

தூக்கிய கம்புகள் தூக்கியபடியே நின்றன.

“ஞாயித்துக்கெழமயா?” என்றாள் செங்கேணி.

மறுநாள் காலை

மறுநாள் செங்கேணி எங்கள் வீட்டுக்கு வந்தாள். தோளில் மண்வெட்டி. வெட்டத்தான் வருகிறாளோ என்று ஒரு கணம் பயந்தேன்.

“உன் வூட்டுக்காரரு ராத்திரிலேர்ந்து எங்க வூட்லதான் கெடக்கறாரு. எங்க ஆளுக்கு அவரு கஞ்சி ஊட்டறாரு. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி மன்னிப்புக் கேட்டுக்கறாங்க. என்னால காது குடுத்துக் கேக்க முடியல. ஏரில தண்ணி தொறந்துட்டாங்க. வரியா?”

போனோம். மடையருகே வந்ததும் அவள்தான் ஆரம்பித்தாள்.

“எங்களுது மேடு. தண்ணி ஏறி முடியறதுக்குள்ள மொற முடிஞ்சிடும். அதான் அவரு அடைச்சது. இன்னும் கொஞ்ச நேரம் வுடுப்பான்னு கேட்டிருக்கலாம். உன் ஆளப் பாத்துட்டு யாரு கேப்பாங்க?”

“எங்களுது பள்ளம். உங்களுது ரொம்பி வழிஞ்சாலே எங்களுக்கு வந்துடும். ரெண்டு மொறையையும் ஒண்ணாப் போட்டு, நீங்க மொதல்ல பாய்ச்சிக்குங்க.”

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “இத யாரும் சொல்லலியே.”

“யாரும் கேக்கலியே.”

அவள் வெட்டினாள், நான் மண்ணைத் தள்ளினேன். நுரையும் சருகுமாகத் தண்ணீர் உள்ளே நுழைந்து, காய்ந்த வெடிப்புகளில் இறங்கி, சளசளவென்று மேட்டில் ஏற ஆரம்பித்தது. ஈர மண் வாசத்தில் இருவரும் வரப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தோம். அவள் மடியிலிருந்து வெற்றிலை எடுத்துக் கொடுத்தாள்.

உச்சிப் பொழுதுக்கு ஆண்கள் இரண்டு பேரும் வந்தார்கள். ஒருவர் தலையில் கட்டு, இன்னொருவர் அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு. மேல்கழனி நிரம்பி எங்கள் கழனிக்குத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து வரப்பிலேயே நின்றார்கள்.

“மடையை யாரு தொறந்தது?” என்றார் கலியமூர்த்தி.

செங்கேணி எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணை உதறினாள். “போயி ஒல வையுங்க, ரெண்டு பேரும். நாங்க வரதுக்கு நேரமாவும்” என்றாள்.

போனார்கள்.